நான்காவது முறை கேட்டிருந்தால்

திண்டிவனம், 12-2-2025, புதன்

படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. விரல் வைத்தால் அப்பளம் போல உடைகிறது. உள்ளே உப்பு. பெயிண்டர் சக்கரபாணி அன்றைக்கே சொன்னான்: "சுவரு ஈரமா கீதும்மா. ரெண்டு மாசம் காயட்டும். இப்ப அடிச்சா நிக்காது." நான்தான் கேட்கவில்லை.

டிசம்பர் புயலில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் வரை வந்தது. விழுப்புரத்திலிருந்து மகன் இனியவன் வந்து சேர ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் கழுவி, பெயிண்ட் அடித்து, நனைந்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, உங்க வீட்டுக்குள்ள வரலை" என்றான்.

"வரவில்லை" என்றேன்.

பிள்ளை முன்னால் பரிதாபமாக நிற்பது எனக்கு வராது. இன்று துணி ஸ்டாண்டை இழுத்து அந்த இடத்தை மறைத்தாயிற்று.

28-2-2025, வெள்ளி

வேலை நேரத்தில் இனியவன் கூப்பிட்டான். என்னவோ ஏதோ என்று எடுத்தேன். "அம்மா, சித்தி போன் எடுக்கலை. ரீயூனியன் தீவுல பெரிய புயல்."

என் தங்கை செங்கமலம். புதுச்சேரி கான்வென்ட்டில் ஒரே பெஞ்சுக்காரி மாதிரி என் பின்னாலேயே திரிந்தவள். பிரெஞ்சில் நான் தொண்ணூறு, அவள் முப்பத்தாறு. பிரெஞ்சுக் குடியுரிமை மாப்பிள்ளை அவளுக்கு வந்தார். இந்தியப் பெருங்கடலில் ஒரு பிரெஞ்சுத் தீவுக்குப் போனாள். எனக்குத் திண்டிவனம். இப்போது இருவரும் விதவைகள். அதில் மட்டும் சமம்.

அவன் குரல் நடுங்கியது. டிசம்பரில் எனக்காக நடுங்கியதா? தெரியாது, அன்று லைன் சரியில்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இதையும் எழுதி வைக்கிறேன்.

2-3-2025, ஞாயிறு

இருக்கிறாள். அவளே பேசினாள்.

"ஊதா எச்சரிக்கைக்கா, செவப்புக்கும் மேல. ஆம்புலன்ஸ்கூட வெளிய வராது. பாத்ரூம்ல உக்காந்துகினு இருந்தேன். கூரைத் தகரம் ஒவ்வொண்ணா பிச்சுக்கினு போற சத்தம் கேக்குது. அடங்கினப்புறம் வெளிய வந்தா, ஹால்ல நின்னுக்கினு வானத்தப் பாக்கறேன்!" சிரிக்கிறாள்.

அவள் தெருவில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. லிச்சி மரங்கள் சாலையில் கிடக்கின்றன. கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படுக்கிறார்களாம். பிறகு சொன்னாள்: "உன் புள்ளகிட்ட நேத்து ஓன்னு அழுதுட்டேன்க்கா."

அழுதாளாம். அவ்வளவு சுலபம் அவளுக்கு.

5-3-2025, புதன்

மளிகைக் கடையில் கேட்கிறார்கள்: "தங்கச்சி வூடு போயிடுச்சாமே, பாவம்." டிசம்பரில் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றது. எல்லார் வீட்டுக்கும் வந்ததால் நான் யாருக்கும் பாவமில்லை.

9-3-2025, ஞாயிறு

இனியவனும் மருமகள் கலைப்பிரியாவும் வந்தார்கள். காபி குடித்தார்கள். அப்புறம்: "அம்மா, விழுப்புரம் வீட்டுல மாடி ரூம் சும்மாதானே இருக்கு. சித்தியை வந்து இருக்கச் சொல்லலாம்னு பாக்கறோம். நீங்க என்ன சொல்றீங்க?"

"தாராளமாக" என்றேன். சர்க்கரை போதுமா என்றும் கேட்டேன்.

10-3-2025, திங்கள்

அது என் அறை. எனக்கென்று கட்டியது! கிழக்கே ஜன்னல், குளியலறையில் கைப்பிடி. கிரகப்பிரவேசத்தன்று வந்து இருங்கள் என்றான், வேண்டாம் என்றேன். அவர் காரியம் முடிந்ததும் கேட்டான், வேண்டாம் என்றேன். போன தீபாவளிக்கும் கேட்டான். ஒருத்தர் கேட்டவுடனே பெட்டியைத் தூக்கிக்கினு ஓடிடணுமா? இன்னொரு முறை கேட்டிருக்கக் கூடாதா இந்தப் பையன்? அவ ஒரே ஒரு தடவ அழுதா — ரூமே கெடைக்குது.

12-3-2025, புதன்

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

15-3-2025, சனி

செங்கமலம் பேசினாள். தார்ப்பாய் கட்டியிருக்கிறார்களாம். திடீரென்று, "டிசம்பர்ல உனக்கு என்னாச்சுக்கா? ஒண்ணுமே சொல்லலியே" என்றாள்.

மூன்றரை மாதத்தில் இப்படி யாரும் கேட்கவில்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். முழங்கால் தண்ணீர், கட்டில் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது, பாம்பு, ஒரு பாக்கெட் பிஸ்கட், பெயிண்ட் அடித்தது, எல்லாம். மாடி அறையையும்.

"அவன் மூணு தடவ கேட்டானாமே?"

"நான்காவது முறை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்."

"அது அவனுக்கு எப்டிக்கா தெரியும்? நாலுன்னு கதவுல எழுதி ஒட்டி வெச்சியா?" பிறகு குரல் மாறிற்று. "நான் வரமாட்டேன். வந்தா கூரை போடற வரைக்கும் மூணு மாசம், அதுவும் நீ அங்க இருந்தா. நீயே போயி கேளு."

"நான் எப்படிக் கேட்பேன்?"

"வாயாலதான். இங்க நான் வாளியத் தூக்கிக்கினு தண்ணி லாரி பின்னால நிக்கறேன். யாருகிட்ட கேக்க வெக்கப்படறது?"

என்னைவிட நாலு வயது சின்னவள். எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

16-3-2025, ஞாயிறு

இனியவனை வரச் சொன்னேன். துணி ஸ்டாண்டை நகர்த்தினேன். அவன் சுவரைத் தொட்டான். ஒரு பாளம் அவன் செருப்பில் விழுந்தது. கட்டட வேலை தெரிந்தவன், சொல்ல வேண்டியதில்லை.

"எவ்ளோ உயரம்மா?"

முழங்காலைக் காட்டினேன்.

"எங்க படுத்த? சாப்ட்டேன்னு சொன்னியே போன்ல! வரலைன்னியே!" கத்தினான். என்னிடம் அவன் கத்தியதே இல்லை. கத்திவிட்டு, ஈரம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பவன் போலச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது.

"அந்த மாடி அறை எனக்கு வேண்டும்" என்றேன். கேட்பது போல வரவில்லை, உத்தரவு போலத்தான் வந்தது. என்ன செய்ய, பழக்கமில்லை.

விழுப்புரம், 6-4-2025, ஞாயிறு

செங்கமலம் வந்து நான்கு நாள். ஜன்னல் பக்கக் கட்டிலை அவள் பிடித்துக்கொண்டாள். குறட்டை. என் சீப்பில்தான் தலை வாருகிறாள். மருமகளுக்கு அவள் செய்த மீன் குழம்பு அமிர்தமாம். நான் செய்தபோது "நல்லா இருக்கு அத்தை" என்றதோடு சரி.

காலையில் இனியவன் மாடி ஏறி வந்து, அவளிடம் மட்டும் கேட்டான்: "சித்தி, நல்லா தூங்கினியா?"

"தூங்கினேன்டா கண்ணு" என்றாள்.

இறங்கப் போனான். படி வரை போய்விட்டான்.

"எனக்குத் தூக்கம் வரலைடா" என்றேன். "கால் வலி."

திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான்.