ஒன்றரை அடிக் கடைக்கால்

புதுவாயல் வழி,
12-6-1969

அன்புள்ள மாமாவுக்கு,

சம்பூர்ணம் எழுதுவது. நானும் தம்பி மாரியப்பனும் அவன் பெண்சாதி சின்னப்பொண்ணும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். வெல்டிங் பொறி பட்டுக் கையில் புண் என்று போன மாதம் எழுதினீர்கள். அது ஆறியதா, யார் மருந்து போடுகிறார்கள் என்று ஒன்றும் எழுதவில்லை. உங்கள் கடிதம் வரவர தந்தி மாதிரி ஆகிவிட்டது.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கோபப்பட வேண்டாம். யூனியன் ஆபீசில் வீடு கட்ட அனுமதி கேட்டு மனுக் கொடுத்துவிட்டேன். அப்பா என் பெயருக்கு எழுதி வைத்த மனையில்தான், நம் பழைய வீடு இருந்த இடத்திலேயே. வருகிற ஐப்பசியோடு புயலடித்து மூன்று வருஷம். அன்றிலிருந்து தம்பி வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கிறேன். அவர்கள் ஒருநாளும் முகம் கோணியதில்லை. ஆனாலும் எத்தனை நாளைக்கு?

ஓவர்சீயர் தானியேல் என்பவர் வந்து மனையைப் பார்த்தார். பொறுமையான மனிதர். புயலடிக்கிற இந்தப் பக்கத்தில் இனி மண் சுவரும் கூரையும் வேண்டாம் என்கிறார். மூன்றரை அடி கடைக்கால் தோண்டி, கருங்கல் போட்டு, அதன்மேல் செங்கல் சுவர், கம்பி கட்டிய தளம். கடல் காற்று வருவதால் கிழக்கே சன்னலைச் சின்னதாக வைக்கச் சொன்னார். பிளான் போட்டுக் கொடுத்தாயிற்று. ஆபீசில் கையெழுத்தாகி வந்தால்தான் சிமெண்டு பர்மிட்டும் கிடைக்கும்.

நம் குழந்தை போன இடம் இப்போது வெறும் மண்மேடு. அதன்மேல் ஆடு ஏறி நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகிறேன். அங்கே விளக்கெரிகிற ஒரு வீடு இருந்தால் எனக்குத் தேவலை போலிருக்கிறது. உங்கள் மனசில் இருப்பதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
சம்பூர்ணம்

* * *

பிலாய்,
27-6-1969

சம்பூர்ணத்துக்கு,

கடிதம் கிடைத்தது. கைப்புண் ஆறிவிட்டது.

வீடு கட்டும் யோசனையை உனக்கு யார் சொன்னார்கள்? மூன்று வருஷம் இல்லாத அவசரம் இப்போது எங்கிருந்து வந்தது? இங்கே எனக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்து எட்டு மாதமாகிறது. வா வா என்று நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பதில் இல்லை, ஆனால் பிளான் தயாராகிவிட்டது.

மாரியப்பன் உன்னைப் பின்கட்டிலிருந்து கிளப்பப் பார்க்கிறானோ என்று எனக்குத் தோன்றுகிறது. கல்கத்தா ரோட்டை ஒட்டிய மனை. நாளைக்கு லாரிகள் நிற்கிற இடமெல்லாம் கடையாகும் என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். உன் பெயரில் வீடு எழும்பினால் அனுபவிக்கப் போவது யார் என்று யோசித்துப் பார். அந்த ஓவர்சீயர் அத்தனை தூரம் வந்து யோசனை சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். மற்றது நான் லீவில் வரும்போது பேசலாம்.

செங்கல்வராயன்

* * *

புதுவாயல் வழி,
20-7-1969

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரமாகப் பதில் எழுத மனசு வரவில்லை. லீவில் வரும்போது பேசலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருஷத்தில் ஒரு லீவுக்கும் நீங்கள் வரவில்லை.

இப்போது வேறொரு கஷ்டம். என் மனுவை ஆபீசில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். கிளார்க் அதைக் கையில் கொடுக்கவில்லை, படித்துக் காட்டினார். அந்த மனை பட்டா நிலம் இல்லை, ஏரிப் புறம்போக்கு என்று எழுதியிருக்கிறது. அறுபத்தாறு புயலில் அங்கே சுவர் விழுந்து ஒரு பெண் குழந்தை செத்தது, அந்த மண்ணில் சுவர் நிற்காது, மறுபடியும் அங்கே குடும்பம் நடத்த அனுமதி கொடுத்தால் சாவுக்கு ஆபீஸ்தான் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறது.

அதுவரைக்கும் சரி, ஊரில் எவனுக்கோ பொறாமை என்று நினைத்தேன். அடுத்த வரியைக் கேட்டதும் அதை மறுபடியும் படிக்கச் சொன்னேன். கிழக்குச் சுவருக்கு ஒன்றரை அடிதான் கடைக்கால் போட முடிந்தது, அதற்குமேல் ஊற்று வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது. மாமா, அங்கே ஊற்று வரவில்லை. ஆனால் ஒன்றரை அடி என்பது நிஜம். அது யாருக்குத் தெரியும்? மழைக்கு முன்னால் வீட்டை முடிக்க வேண்டுமென்று நீங்களும் மாரியப்பனும் ஒரே நாளில் தோண்டினீர்கள். மண்ணை வாரிக் கொட்டியவள் நான். வேறு ஒருத்தர் அங்கே இல்லை.

மாரியப்பனை நினைக்கவே கூசுகிறது. ஆனால் நேற்று அவன் சோறு சாப்பிடும்போது அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தக் கையா எழுதியது என்று. சின்னப்பொண்ணு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் என்ன செய்யட்டும்?

சம்பூர்ணம்

* * *

பிலாய்,
2-8-1969

சம்பூர்ணத்துக்கு,

நான் சொன்னபோது உனக்குக் கசந்தது. இப்போது நீயே கண்டுபிடித்துவிட்டாய். மூன்று பேரில் ஒருத்தன் அவன். வேறு யாராக இருக்க முடியும்? மனையைப் புறம்போக்கு என்று ஆக்கிவிட்டால் பிறகு சர்க்காரிடம் தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருப்பான்.

ஆனால் அவனிடம் கேட்டுச் சண்டை போடாதே. யார் எழுதியது என்று ஆபீசில் போய்த் தோண்டிக்கொண்டும் இருக்காதே. தெரிந்து என்ன ஆகப் போகிறது? மனுவை விட்டுவிட்டு ரயிலேறு. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். இங்கே காற்றும் இல்லை, கடலும் இல்லை.

செங்கல்வராயன்

* * *

புதுவாயல்,
25-8-1969

அன்புள்ள மாமாவுக்கு,

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பாருங்கள். நான் இப்போது புதுவாயல் ஜங்ஷனில் அஞ்சம்மாள் டீச்சர் வீட்டில் இருக்கிறேன். அவர் தனியாள், ஒரு அறை கொடுத்தார்.

நீங்கள் கேட்க வேண்டாம் என்று எழுதியும் கேட்டுவிட்டேன். மனசில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்ன முடியவில்லை. மாரியப்பன் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் போட்டது நீதானா என்று கேட்டேன். அவனுக்கு முதலில் புரியவேயில்லை. நான் முழுவதையும் சொன்னேன், ஒன்றரை அடியையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவன் முகம் எப்படியோ ஆகிவிட்டது. சொம்பைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்:

"அந்தக் கொழந்தைய மண்ணுலருந்து எடுத்துத் தோள்ல போட்டுக்கினு புதுவாயல் வரிக்கும் ஓடனவன்க்கா நானு. நான் எழுதுவனா?"

அப்படியானால் யார் எழுதியது, சொல் என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை, மாமா. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். குற்றமில்லாதவன் ஏன் வாயை மூட வேண்டும்? அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் அவன்தான் என்று முடிவு செய்தேன். ஆத்திரத்தில் சொல்லக்கூடாத வார்த்தைகளையும் சொன்னேன். சின்னப்பொண்ணு அழுதுகொண்டே என் துணிகளை மடித்து மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

எனக்கு இருந்தது ஒரே தம்பி. நீங்கள் சொன்னது சரியாகத்தான் போயிற்று. ஆனால் நான் ரயிலேறப் போவதில்லை. கர்ணம் வந்து மனையை அளக்கப் போகிறார். அதற்கப்புறம் ஆபீசில் விசாரணை.

சம்பூர்ணம்

* * *

புதுவாயல்,
30-9-1969

திரு. செங்கல்வராயன் அவர்களுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை.

கர்ணம் சங்கிலி பிடித்து அளந்தார். மனை முழுவதும் பட்டாதான், ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கமிஷனர் முன்னால் பைலைப் பிரித்தார்கள். தானியேல் சார் அந்த மொட்டைக் கடிதத்தை உறையோடு எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எழுத்து கோணல்மாணலாக, இடது கையால் எழுதினது போல இருந்தது. அதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உறையில் தபால் முத்திரை இருந்தது. பிலாய், ஜூலை நான்காம் தேதி.

கிளார்க்கும் அதைப் பார்த்துவிட்டார். "பிலாய்ல உனுக்கு யாருனா இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மனுவில் உங்கள் பெயர் இருக்கிறது, வேலை செய்யும் ஊர் இல்லை.

"யாரும் இல்ல சார்" என்றேன்.

உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான் பொய் சொன்ன மாதிரியே தோன்றவில்லை.

பெயரில்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு எதையும் நிறுத்த முடியாது என்று கமிஷனர் சொல்லிவிட்டார். அனுமதி கொடுத்துவிட்டார்கள். சீல் போட்ட பிளான் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதைக் கையில் வாங்கும்போது எப்படியிருக்கும் என்று நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கும்போது ஒன்றுமே இல்லை.

எழுதியது நீங்கள்தானா? ஒரு வரி போதும்.

சம்பூர்ணம்

* * *

பிலாய்,
18-10-1969

சம்பூர்ணத்துக்கு,

நான்தான்.

ஒரு வரி போதும் என்று எழுதினாய். அதோடு நிறுத்தினால் நான் மனுஷன் இல்லை.

மூன்றடியாவது போக வேண்டும் என்று அன்று எனக்கே தெரியும். மழை வருவதற்குள் கூரை ஏற வேண்டும் என்று நான்தான் ஒன்றரை போதும் என்றேன். மாரியப்பன்கூட, இன்னும் ஒரு நாள் தோண்டலாம் மாமா என்றான். நான் கேட்கவில்லை. புயலன்று நான் வண்ணாரப்பேட்டைப் பட்டறையில் மாட்டிக்கொண்டேன். மறுநாள் நடந்தே வந்து சேர்ந்தபோது குழந்தையைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டிருந்தீர்கள். நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. மாட்டை அவிழ்க்க வெளியே போனதற்காக உன்னையே நீ திட்டிக்கொண்டிருந்தாய். சுவர் என்னால்தான் விழுந்தது என்று நீ சொல்வாய் சொல்வாய் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. அதனால்தான் பிலாய்க்கு ஓடி வந்தேன்.

அந்த இடத்திலேயே வீடு என்று நீ எழுதியதும் எனக்குத் தலை சுற்றியது. நீ அங்கே சமைப்பாய். நான் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என்னால் முடியாது என்று உனக்கு எழுத ஐந்தாறு தரம் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. பெயரில்லாமல் எழுத வந்தது.

மாரியப்பன் பெயரை நான் முதலில் எடுத்தது உன்னை அங்கிருந்து கிளப்பத்தான். பிறகு நீயே அவனைச் சந்தேகப்பட்டாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இதற்கு எனக்கு மன்னிப்புக் கிடையாது என்று தெரியும்.

செங்கல்வராயன்

* * *

பிலாய்,
15-12-1969

சம்பூர்ணத்துக்கு,

இரண்டு மாதமாகிறது. போன மாதம் அங்கே புயல் என்று ரேடியோவில் கேட்டேன். பிறகு வடக்கே ஆந்திராப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு கார்டாவது போடு. பொங்கலுக்கு லீவு தருகிறார்கள். வரட்டும் என்று நீ எழுதினால் வருகிறேன்.

செங்கல்வராயன்

* * *

புதுவாயல் வழி,
22-1-1970

மாமாவுக்கு,

விலாசம் பழையபடி ஆகிவிட்டது. பொங்கலுக்கு வரட்டுமா என்று கேட்டீர்கள். பொங்கல் போய் ஒரு வாரமாகிறது. வேண்டுமென்றுதான் பதில் போடாமல் இருந்தேன்.

புயல் என்று சொன்ன அன்று காலையில் மாரியப்பன் புதுவாயலுக்கு வந்து நின்றான். அஞ்சம்மாள் டீச்சர் வீடு ஓட்டு வீடு, காற்றுக்கு நிற்காது, நீயும் டீச்சரும் கிளம்புங்கள் என்றான். என் முகத்தைப் பார்க்காமல் டீச்சரிடம்தான் சொன்னான். அவன் பின்னாலேயே ரோடு வழியாக நடந்தோம். மழை தூற ஆரம்பித்திருந்தது. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தம்பி, எழுதினது நீ இல்லை, எனக்கு இப்போது தெரியும் என்றேன். யார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் திரும்பி நின்றான்.

"சொல்லாதக்கா. எனுக்கு அன்னிக்கே தெரியும். மூணு பேருக்குத்தான் அந்தக் கடைக்கால் தெரியும். நீ எழுதல, நானும் எழுதல."

அப்போதே ஏன் சொல்லவில்லை, நான் உன்னை அத்தனை பேச்சுப் பேசினேனே என்று கேட்டேன்.

"நான் சொல்லியிருந்தா நீ மாமாவோட வாழ்வியா? என்னைத் திட்டிக்கினே இருந்தாலும், ஒரு நாளைக்கு நீ அவர்கிட்ட போவேன்னு உட்டுட்டேன்."

அவ்வளவுதான் பேசினான். நான் ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன். டீச்சர்தான் கையைப் பிடித்து எழுப்பினார்.

நான் மூன்று வருஷமாக உங்களை ஒரு வார்த்தை கேட்காததற்குக் காரணம், ஒன்றரை அடி போதும் என்று நீங்கள் சொன்னபோது நானும் சரி என்றதுதான். நாள் நல்லபடியாக இருக்கிறது, சீக்கிரம் முடியட்டும் என்று சொன்னவள் நான். உங்கள்மேல் பழி போட எனக்கு அருகதை இல்லை என்று இருந்தேன். இதை நீங்கள் வாய் திறந்து கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

சுவருக்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாரியப்பனுக்காக இருக்கிறது. அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. போகாமலும் இருக்கலாம்.

நேற்று கடைக்கால் தோண்டத் தொடங்கினோம். மாரியப்பன்தான் முதல் கடப்பாரை போட்டான். தானியேல் சார் வந்து கோலை இறக்கி அளந்து பார்த்துவிட்டு, கிழக்கே இன்னும் ஒரு சாண் போகச் சொன்னார். போனோம். சிமெண்டு பர்மிட் வந்துவிட்டது. வைகாசிக்குள் தளம் போட்டுவிட வேண்டும் என்று இருக்கிறேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் இது எழும்பும்.

வருவதானால் முதலில் என்னிடம் வர வேண்டாம். மாரியப்பன் வீட்டுக்குப் போங்கள். சின்னப்பொண்ணும் இருக்கும்போது போங்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் மனைக்கு வாருங்கள். பகலில் நான் அங்கேதான் இருப்பேன்.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன். உங்கள் எழுத்தை எத்தனை தரம் படித்தாலும், இதில் எது நிஜம் என்றுதான் தேடுகிறேன். எது சொல்வதானாலும் எதிரில் நின்று சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துவிட்டு, நம்புவதா இல்லையா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

சம்பூர்ணம்