ஒரு "ஒவ்"வுக்கு அரைப் புள்ளி

2000 ஜூன் 11, ஞாயிறு

காலையில் அம்மாவின் சிங்கள வகுப்பு. மாணவி நான் ஒருத்திதான். "வெளியில ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லாதை பிள்ளை. ஒவ் எண்டு சொல்லு." ஓம் தமிழ், ஒவ் சிங்களம். இரண்டுக்கும் பொருள் ஆமாம் என்பதுதான். ஆனால் வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் ஓம் என்றால் ஓரமாக நில், ஒவ் என்றால் வீட்டுக்குப் போ. இப்போது வீட்டிலும் சோறு வேணுமா என்றதற்கு ஒவ் சொன்னால்தான் அகப்பை அசைகிறது.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் செஸ் பெண்கள் அணியில் மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது ஆள் நானா, களனியிலிருந்து வரும் ஹிமாலி என்ற பிள்ளையா என்பது அடுத்த ஞாயிறு எங்கள் ஆட்டத்தில் தெரியும். அவளுக்குச் சமன் செய்தால் போதும். நான் வெல்லவேண்டும். இங்கே எத்தனை கோப்பை வாங்கினாலும் பட்டம் வராது, வெளிநாட்டில் விளையாட வேண்டும். அம்மா அயலுக்கெல்லாம் என்னை ஏற்கெனவே கிராண்ட்மாஸ்டர் ஆக்கிவிட்டா. பதினாறு வயதில் கொஞ்சம் கூச்சம்தான்.

ஜூன் 15, வியாழன்

இன்னும் மூன்று நாள். ஒன்றும் படிக்கவில்லை.

ஜூன் 17, சனி

சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரன் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, படிக்கிற பிள்ளையா என்று சிங்களத்தில் கேட்டான். "ஒவ்." போகச் சொன்னான். அம்மாவிடம் சொன்னதும் பரீட்சையில் ஏ எடுத்தது போல முத்தம் தந்தா. தமிழ்ப் பெயர் அட்டையிலேயே இருக்கிறது, ஒவ்வால் என்ன மறையப்போகிறது? எனக்கென்னவோ களவெடுத்துவிட்டு வந்தது போல இருந்தது.

ஜூன் 18, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

ஹிமாலி தன் காயை நகர்த்தினாள். நான் குதிரையைக் கொடுத்தால் அவளுடைய ராஜாவுக்கு ஓட இடமில்லை. குதிரை போகும், ராணி வரும் — சரியா? சரி. இடையில் சிப்பாயைப் போட்டால்? அதுவும் சரி. "ஒவ்" என்றேன். எனக்குத்தான். வாய்க்குள்தான். அந்த நேரம் பார்த்து அவள் "ட்ரோ கரமுத?" என்று கேட்டிருக்கிறாள், சமன் செய்வோமா என்று. என் காதில் விழவே இல்லை. மணிக்கூட்டை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

நடுவர் மர்ஸூக் மாஸ்டர் வந்தார். நான் ஒவ் சொன்னதாக ஹிமாலி சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. மாஸ்டர் என் பக்கம் குனிந்து தமிழில் கேட்டார்: "மகள், ஓம் எண்டு ஒங்களுக்கே சொன்னீங்களா, இல்லாட்டி ஒவ் எண்டு அவவுக்குச் சொன்னீங்களா?"

நல்ல மனுஷன். தப்பிப்போக வழி விட்டார். ஓம் என்று சொன்னேன் என்றால் ஆட்டம் தொடரும்.

"ஒவ் எண்டுதான் சொன்னனான், சேர். ஆனா எனக்குத்தான் சொன்னனான்."

"எனக்கு விளங்குது மகள். மத்தவங்களுக்கு எப்படி விளங்கப்படுத்துற?" என்றார்.

சமன். அரைப் புள்ளி.

ஜூன் 19, திங்கள்

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா பிளேன் ஏறியிருப்பாய்! இங்க கிடந்து சாகப்போறியே?"

எனக்கு ஒவ் சொல்லப் பழக்கினது ஆர்? இந்த வீட்டில் ஓம் சொன்னாலும் குற்றம், ஒவ் சொன்னாலும் குற்றம்.

நான் ஏன் பொய் சொல்லேல்லை? பெரிய நேர்மை எண்டில்லை. எனக்குள்ள நானே கதைக்கேக்கையும் ஒவ் எண்டு வந்திட்டுதே எண்டு திகைச்சுப் போனன். பயந்து பழகினது, பயமில்லாத இடத்திலயும் வருது. அதுக்குத்தான் அழுகை. இடம் போனதுக்கில்லை.

பொய். இடம் போனதுக்கும்தான்.

ஜூன் 24, சனி

பட்டியலில் ஹிமாலி. போய்க் கைகொடுத்தேன்.

2001 மே 20, ஞாயிறு

இந்த வருடத் தெரிவுப் போட்டி முடிந்தது. ஒன்பது ஆட்டத்தில் ஏழரைப் புள்ளி. முதலிடம்!

பதினெட்டு ஆகாததால் பயணப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்து வேண்டும். குசினி மேசையில் வைத்தேன். அம்மா பேனையைத் திறந்துகொண்டு மெதுவாகக் கேட்டா: "போனா அங்கயே நிண்டிடுவாய்தானே?"

இத்தனை வருடமும் அம்மா விளையாடிக்கொண்டிருந்தது எந்த ஆட்டம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது: என்னை இந்த நாட்டிலிருந்து தப்பவைக்கிற ஆட்டம். சும்மா தலையாட்டியிருந்தால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பா.

"இல்லையம்மா. விளையாடிப்போட்டு வந்திடுவன்."

பேனையைக் கீழே வைத்தா. எழும்பிப்போய் முகம் கழுவினா. கன நேரம் கழுவினா. திரும்பி வந்து, "சரியான விசரி, பைத்தியம்" என்றா.

கையெழுத்துப் போட்டா.