அடுத்த மாடல் வரும்வரை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது சட்டை ஹேங்கரில் தொங்குவது போல உன் தோளில் தொங்கியது. இதைப் போனில் மெசேஜ் போட்டே கேட்டிருப்பேன். ஆனால் உங்கள் கம்பெனியின் புதுச் சாதனத்தைப் பற்றி ஒரு வார்த்தை மெசேஜில் வந்தாலும் ஆபீஸில் தெரிந்துவிடும் என்றாயே, அதனால்தான் தாளும் பேனாவும். கூப்பிட்டுப் பேசலாம் என்றால், என் காது இருக்கிற லட்சணத்துக்கு நீ ஒன்று சொல்ல நான் ஒன்று பதில் சொல்வேன்.

கோர்ட்டிலேயே அப்படி ஆகிவிட்டதடா. திருட்டு வழக்கு. ஒரு பெண், "அன்னைக்கே சாவியக் கொடுத்தேன்" என்று சொல்லியிருக்கிறாள். என் காதில் "எடுத்தேன்" என்று விழுந்தது. சுருக்கெழுத்தில் அப்படியே எழுதிவிட்டேன். திரும்பப் படித்துக் காட்டியபோது அந்தப் பெண், "ஐயோ, நான் அப்படிச் சொல்லலீங்க!" என்று அழுதாள். ஜட்ஜ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குத் திட்டியிருக்கலாம்.

காது டாக்டரிடம் போனோம். "இடது காது போனது போனதுதாம்மா. வலதும் கிளம்பிக்கிட்டு இருக்கு. உள்ளே கருவி வெச்சிடலாம். நரம்புக்குக் கேக்குற பழக்கம் விட்டுப்போறதுக்குள்ள செய்யணும்" என்கிறார். காதுக்குப் பின்னால் எலும்பைத் துளைப்பார்களாம். உன் மாமா உடனே செய்துவிடலாம் என்கிறார். எனக்கோ நினைத்தாலே கை கால் ஓடவில்லை.

எதிரில் பேசுவது அப்படியே கையில் எழுத்தாக விழும் சாதனம் வருகிறது என்று நீ சொன்னாயே, அது நிஜமா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா? காதைத் திறப்பதா, காத்திருப்பதா? ஒன்றும் புரியவில்லை. நீ சொல்வதைச் செய்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் வேண்டாம். இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன்.

சாதனம் நிஜம். நானே கையில் வைத்துப் பார்த்தேன். உன் உள்ளங்கையைவிடச் சின்னது. பித்தானே இல்லை. மடக்கினால் சட்டைப் பையில் கிடக்கும். மேஜைமேல் வைத்துவிட்டு எங்கள் மேலாளர் பேசினார். பேசப் பேச எழுத்து விழுந்துகொண்டே வந்தது. நடுவில் அவர் தும்மினார். அதற்கு மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல் திணறியது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை அக்கா. நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது.

இப்போதைய போன்களில் இருப்பது ஒரு ஆள் நிறுத்தி நிதானமாகப் பேசினால்தான் எழுதும். இது நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் பிரித்து எழுதும். மே மாதம் வெளியே வருகிறது. நாலு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? டாக்டர்களுக்குக் கத்தி எடுக்கத்தான் தெரியும். பொறுத்துக்கொள்.

மாமாவிடம் சொல். குட்டியிடம் சொல்லாதே. உன் பெண் பள்ளிக்கூடம் பூராவும் பரப்பிவிடுவாள்.

உன் தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன். டாக்டருக்கு முகமே சரியில்லை. "சரி, ஆனா ரொம்ப இழுக்காதீங்க" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். என்னை நகல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கேட்கவே வேண்டாம், பார்த்து அடித்தால் போதும். கூட வேலை செய்பவர்கள் என்னைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு என் மேஜையைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஏன் என்று தெரியவில்லை.

இங்கே ஊரே உங்கள் சாதனத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு நர்ஸ் உடைந்த போனுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு சமாளித்தாள். "இப்ப வாங்காதீங்க, புதுசு வருது" என்று வந்தவர்களையெல்லாம் திருப்பியனுப்பிவிட்டு, போன் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். திரையே இருக்காது, எழுத்து காற்றில் தெரியும் என்றார் ஒருவர். இல்லை, கடிகாரம் மாதிரி கையில் கட்டுவது என்றாள் குட்டி. யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

அறிமுக நாளன்று கடையில் பெரிய டிவி வைத்தார்கள். நானும் போய் நின்றேன். மேடையில் ஒருவர் நடந்து நடந்து பேசினார். கூட்டம் கைதட்டியது. எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, நானும் தட்டினேன். முடிந்ததும் கடைக்காரரிடம், "பேசுறத எழுதுமா?" என்று கேட்டேன். அவர் தன் போனில் அடித்துக் காட்டினார்: "அப்படி எதுவும் சொல்லலையே மேடம். கேமரா நாலு வெச்சிருக்காங்க."

தம்பி, நீ சொன்னது இதுவா? இல்லை, இதற்கு அடுத்ததா? எனக்குத்தான் சரியாகப் புரியவில்லையோ என்னவோ. வலது காதில் இப்போது குட்டி கத்தினால் மட்டும்தான் கேட்கிறது. கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது, பாவம்.

அக்கா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே தினம் ஒரு மாதிரி சொல்கிறார்கள். காலையில் இருக்கும் திட்டம் மாலையில் இருப்பதில்லை. நீ பார்த்தது அது இல்லை. அடுத்தது. அதில் வரும்.

அதுவரை நீ சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு காரியம் செய்திருக்கிறேன். இந்தப் பெட்டியில் செருப்புக்கு அடியில் சோதனைக்காகச் செய்தவற்றில் ஒன்று இருக்கிறது. வெளியே போகக் கூடாதது. யாருக்கும் காட்டாதே. கொஞ்சம் தடுமாறும். எழுதியதை அதுவே அழித்துவிட்டு மாற்றி எழுதும், பயப்படாதே. முன்பின் வார்த்தைகளைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

உன் தம்பி

செருப்பும் உனக்குத்தான். அளவு சரியா என்று எழுது.


செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

செருப்பு ஒரு சுற்றுப் பெரிது. பரவாயில்லை.

சாதனத்தைப் பற்றி என்ன சொல்வது! முதல் நாள் குட்டி சாப்பிட உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தாள். கையில் எழுத்து விழுந்தது: "இன்னைக்கும் உப்பு இல்ல." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை மாதமாக உப்பில்லாமல் சமைத்திருக்கிறேன், யாரும் என்னிடம் கத்திச் சொல்லவில்லை. எதிர்வீட்டு நர்ஸ் வந்து "தண்ணி வரல" என்றாள். இது "அண்ணி வரல" என்று எழுதியது. எந்த அண்ணி, எங்கே போனாள் என்று நான் விசாரிக்க, அவள் என்னைப் பார்த்து விழித்தாள்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாமா கூடத்தில் நின்று யாரிடமோ ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். சாதனம் உள்ளறையில் என் பக்கத்து மேஜைமேல் கிடந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எழுத்து விழுந்தது.

"டாக்டர் என்னைத் திட்டுறார்டா. இன்னும் எவ்ளோ நாள்?"

அடுத்த வரி வேறு குரல் என்று பிரித்துக் காட்டியது.

"அந்த வசதிய மார்ச்லயே தூக்கிட்டாங்க மாமா. அக்காகிட்ட சொல்லிடுங்க."

பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கடைசி வார்த்தை அழிந்தது. "சொல்லாதீங்க" என்று வந்தது. அதுவும் அழிந்தது. மறுபடி "சொல்லிடுங்க." எதில் நின்றது என்று பார்ப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. மாமா உள்ளே வந்து, தலைவலி என்று படுத்துவிட்டார். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் என்றது சரியா? மே என்று நீ எழுதியது என் கையில் இருக்கிறது. ஒருவேளை அதையும் இயந்திரம் தப்பாகக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு எழுத்தை நான் தப்பாகக் கேட்டு ஒரு பெண்ணைத் திருடியாக்கப் பார்த்தவள். அதனால் யார்மேலும் எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாக்குமூலத்தில் சந்தேகம் வந்தால் சொன்னவருக்கே படித்துக் காட்டி, இதுதான் சொன்னீர்களா என்று கேட்பது கோர்ட் வழக்கம். உனக்குப் படித்துக் காட்டிவிட்டேன்.

அக்கா


செப்டம்பர் 14

அக்கா,

"சொல்லாதீங்க" என்றுதான் சொன்னேன். மார்ச் என்றதும் சரி.

பேசுவதை எழுதும் வசதிக்குச் செலவு அதிகம், வாங்க ஆள் குறைவு என்று எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்க வைத்துவிடலாம் என்று நம்பினேன். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, "என் அக்கா ஆபரேஷன்கூட வேண்டாம்னு இதுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க" என்பேன். அதைச் சொன்னால்தான் அறை அமைதியாகும். நீ ஆபரேஷன் செய்துகொண்டால் அப்புறம் நான் என்ன சொல்வது? இப்படி நான் நினைத்தேன் என்று எனக்கே இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. உனக்காகத்தான் அதைக் கேட்டேனா, அதற்காக உன்னைக் காக்கவைத்தேனா, எது முதலில் என்று குழம்பிப்போயிருக்கிறேன்.

மாமாமேல் கோபப்படாதே. நாளைக்கே டாக்டரிடம் போ. சாதனத்தைத் திருப்பியனுப்பிவிடு. இங்கே தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

தம்பி


டிசம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

சாதனத்தை அப்போதே அனுப்பினேன், கூட ஒரு வரியும் எழுதவில்லை. எழுத வரவில்லை.

அக்டோபரில் ஆபரேஷன் முடிந்தது. வலது காதில்தான். முன்பே செய்திருந்தால் இன்னும் நன்றாகக் கேட்டிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். ஆமாம் என்றார். பிறகு, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கருவியை இயக்கிய அன்று எல்லோரும் வாளிக்குள் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. கதவும் குட்டியும் ஒரே மாதிரி கிறீச்சிட்டார்கள். இப்போது பரவாயில்லை. மழைச் சத்தம் மட்டும் இன்னும் மழை மாதிரி இல்லை. கோர்ட்டில் திரும்ப என்னை எடுத்துக்கொள்வார்களா தெரியாது. எடுத்துக்கொண்டாலும் போகத் துணிவு வருமா, அதுவும் தெரியாது.

உன்மேல் கோபமா என்று மாமா கேட்கிறார். காலையில் இருக்கிறது. நீ அறையில் எழுந்து நின்று என்னைப் பற்றிப் பேசியதை நினைத்தால் மாலையில் இல்லை. சில நாள் திருப்பிப் போட்டு வருகிறது.

போன வாரம் அவர் போனை நீட்டி, "அவன் லைன்ல இருக்கான், பேசுறியா?" என்றார். வேண்டாம் என்றேன். தப்பாக நினைக்காதே. போனில் இந்தக் காதுக்கு எல்லாக் குரலும் ஒரே குரல்தான். உன்னை யாரோ ஒருத்தனாகக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் குரல் சீக்கிரம் பிடிபடும் என்கிறார் காதுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண். மாமாவும் குட்டியும் அப்படித்தான் திரும்பக் கிடைத்தார்கள்.

அதனால் லீவு போட்டு வா. எதிரில் உட்கார்ந்து ஏதாவது பேசு. எதுவானாலும் சரி. நீதான் என்று தெரிந்தபிறகு திட்டிக்கொள்கிறேன்.

அக்கா