செனட்டர் ஓய்வெடுத்த கதை

12 செப்டம்பர் 2003, வெள்ளி. அணுபுரம்.

பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு என் மகள் கவிதா தானாகவே படித்துப் பேச ஒருவரைத் தேர்ந்தெடுத்தாள். பிலிப்பைன்ஸ் செனட்டர் ஒருவர். வக்கீல். சர்வாதிகாரியை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர். கட்டி முடித்த அணுமின் நிலையத்தை ஒரு நாள்கூட ஓட விடாமல் நிறுத்தப் போராடியவர்.

அவள் எழுதிய பேச்சில் அந்த அணுமின் நிலையம் வரும் கடைசிப் பத்தியை நீக்கச் சொன்னது நான்தான். நடுவராக வருவது நான் வேலை பார்க்கும் அணுமின் நிலையத்தின் செக்‌ஷன் ஹெட்.

"அவர் செஞ்சதுலயே பெருசு அதுதானேப்பா?"

"சொன்னதைச் செய்."

இன்று மேடையில் நன்றாகத்தான் பேசினாள். ஜெயிலிலிருந்து வெளியே வந்தார் என்றதும் சட்டென்று நன்றி சொல்லிவிட்டாள்.

ஹெட் மைக்கை வாங்கி, "வெளிய வந்து என்னம்மா செஞ்சார்?" என்று கேட்டார். பிரியமாகத்தான் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும் சார்."

மொத்த ஹாலும் என் பக்கம் திரும்பியது. எழுந்தேன்.

"வயசாயிடுச்சு சார். ஓய்வு எடுத்துக்கிட்டார்."

கை தட்டினார்கள்.

வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. பரிசாகக் கொடுத்த டிபன் பாக்ஸ் டிவி மேலேயே கிடக்கிறது. "போய் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்கிறாள் மனைவி. என்ன சொல்ல? இந்த குவார்ட்டர்ஸ் வேலையோடு வந்தது. அவள் படிக்கும் பள்ளியும் அப்படித்தான். வேலை போனால்...

எழுபதைத் தாண்டித்தான் அவர் அந்த நிலையத்துக்கு எதிராகத் தெருவில் இறங்கினார் என்று எழுதியிருந்தாள். அதையும் நான்தான் அடித்தேன்.

எனக்கு நாற்பத்திரண்டு.