காலடி மட்டும் தெரிஞ்ச பாட்டுகள்

என்ர அன்பான மேல்வீட்டு மார்செல் அண்ணைக்கு,

மரத்தை இண்டைக்குக் காலமை வெட்டிப்போட்டினம். அதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றக் கதை. எங்கட பின் ஒழுங்கையில மிஞ்சி நிண்ட ஒரேயொரு ஆஷ் மரம், உங்கட பாசையில ஃப்ரேன், என்ர குசினி யன்னலுக்கு நேர நிண்டது. உச்சியெல்லாம் பட்டுப்போச்சு. நீங்கள் ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையே, "பச்சை வண்டு பட்டைக்குள்ள பூந்திட்டுது வசந்தி, இனி ஊசி போட்டும் பிரயோசனம் இல்லை" எண்டு சொல்லிப்போட்டீங்கள். உங்களுக்கும் டொக்டர் அந்தக் கிழமைதான் கிட்டத்தட்ட அதே கதையைச் சொன்னவர். நான் சூப்பைக் குடியுங்கோ எண்டன்.

உங்களை நான் முதல்முதல் சந்திச்சதே சண்டை பிடிக்கத்தான், ஞாபகம் இருக்கோ? நாங்கள் அஹுன்ட்சிக்குக்கு வீடு மாறி வந்த புதுசு. உங்கட வீட்டுத் தரை எங்கட வீட்டுச் சீலிங். சின்னப் பிள்ளையளைப் பாக்கிற கார்டரியில அதுகளோட பகல் முழுக்க மாரடிச்சுப்போட்டு வந்து கொஞ்சம் சரிஞ்சால், தலைக்கு மேல டக்கு டக்கு டக்கு எண்டு குதிரை ஓடுது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்திட்டு, எனக்குத் தெரிஞ்ச கார்டரிப் பிரெஞ்சில நாலு பேச்சுக் குடுப்பம் எண்டு ஏறி வந்தன். கதவைத் திறந்தீங்கள், கையில வயலின்.

எங்கட ஆக்கள் சம்மணம் கட்டி இருந்து வாசிக்கிற சாமான். நீங்கள் கதிரையில இருந்து ரெண்டு காலாலயும் நிலத்தை உதைச்சு உதைச்சு வாசிக்கிறியள். இதென்ன கோதாரி எண்டு நினைச்சன். "இது எங்கட பழைய ஆக்களின்ர வாசிப்பு, மேடம், கால் சும்மா இராது" எண்டு சொல்லி, அடுத்தநாளே காலுக்குக் கீழ காப்பெட் விரிச்சீங்கள். பேந்து நானே வந்து அந்தக் காப்பெட்டை எடுக்கச் சொன்னன். சத்தம் இல்லாமல் எனக்குச் சமையலே ஓடேல்லை.

ஒண்டு உங்களிட்ட நான் சொல்லவேயில்லை. வயலின் சத்தம் கீழ வராது, அண்ணை. காலடி மட்டும்தான் வரும். உங்கட பாட்டுகள் முக்கால்வாசி எனக்குக் காலடியாத்தான் தெரியும். பேர் தெரியாது, மெட்டுத் தெரியாது. ஆனா கால் தொடங்கின உடன, "ஆ, இது அண்ணையின்ர மனிசி தெரேஸ் அக்காவுக்குப் பிடிச்சது" எண்டு கறியைக் கிண்டிக் கிண்டிச் சொல்லிப்போடுவன்.

வடக்குக் காடுகளில எந்த மரத்தை வெட்டுறது, எதை விடுறது எண்டு பார்த்துக் குறி போடுறதுதான் உங்கட உத்தியோகம். பென்சன் எடுத்து வந்த மனிசன் சும்மா இருக்கலாம்தானே? நீங்கள் ஒழுங்கைக்குள்ள இறங்கினீங்கள். வீடு வீடாக் கதவைத் தட்டி, சீமெந்தை உடைப்பிச்சு, மரக்கண்டு நட வைச்சீங்கள். முன்வீட்டு ஹெயிட்டிக்கார மரி-ஆஞ்ச், "இலை கொட்டினால் ஆர் கூட்டுறது, உன்ர அப்பனோ?" எண்டு கேட்டவா. நீங்களே கூட்டினீங்கள். ஊருக்கெல்லாம் வேலை செய்வார், வீட்டில ஒரு பல்ப் மாத்தமாட்டார் எண்டு தெரேஸ் அக்கா ஏசாத நாள் இல்லை.

வண்டு வந்த பிறகு ஃப்ரேன் மரங்கள் ஒவ்வொண்டா விழத் தொடங்கிச்சு. இதை வெட்டத்தான் வேணும் எண்டு சொல்லுற பாவமும் உங்கட தலையிலதான். சனம் கோவிச்சுக் கத்தினால் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிப்பீங்கள். வெட்டுக்கு முதல்நாள் பின்னேரம் அந்த மரத்துக்குக் கீழ கதிரையைப் போட்டு, காலுக்கு ஒரு பலகை வைச்சு, இருந்து வாசிப்பீங்கள். எல்லா வீட்டில இருந்தும் சாப்பாடு வரும். கடைசிப் பாட்டு முடிய எல்லாரும் மரத்தைத் தொட்டுப்போட்டுப் போறது.

"இதென்ன அண்ணை, மரத்துக்கும் செத்தவீடோ?" எண்டு பகிடி விட்டன். "ஏன், உங்கட ஊரில செத்தவீட்டுக்கு மேளம் இல்லையோ?" எண்டு திருப்பிக் கேட்டீங்கள். ஓம், இருக்கு எண்டன். "பேந்தென்ன?" எண்டீங்கள், நான் பழக்கின தமிழாலயே எனக்கு அடிச்சு.

அப்பிடிப்பட்ட உங்கட செத்தவீட்டில ஒருத்தரும் வாசிக்கேல்லையே, அண்ணை. அதுதான் எனக்கு ஆறுதில்லை. உங்களோட வாசிச்ச ஆக்கள் உங்களுக்கு முன்னமே போய்ச் சேந்திட்டினம். உங்கட மகள் பாவம், அவ என்ன செய்வா? புரோசார்ட்டில ஒரு மண்டபம் எடுத்து, பூ வைச்சு, கோப்பி குடுத்து, கெதியா முடிச்சா. ஸ்பீக்கரில ஏதோ பியானோ போச்சுது. உங்களுக்குப் பியானோவைக் கண்ணிலயும் காட்டக்கூடாதே! நான் சாறியோட ஒரு மூலையில நிண்டு, ஆரும் எழும்பி ஏதாவது செய்யமாட்டினமோ எண்டு பார்த்துக்கொண்டே நிண்டன். ஆர் செய்யிறது? எனக்கு ஒரு ஒப்பாரிகூட ஒழுங்காத் தெரியாது. வீட்டை வந்து, சாறியும் மாத்தாமல், சிங்க்கடியில நிண்டு அழுதன்.

நேற்றுப் பின்னேரம் வழமை போல எல்லாரும் மரத்தடிக்கு வந்திச்சினம். நான் ரோல்ஸ் பொரிச்சனான். மரி-ஆஞ்ச் வாழைக்காய் பொரிச்சுக் கொண்டு வந்தவா. தெரேஸ் அக்கா உங்கட கதிரையையும் பலகையையும் இறக்குவிச்சு, வயலினைப் பெட்டியோட கதிரையில வைச்சா. பேந்து எல்லாரும் பேய் அறைஞ்ச மாதிரி நிண்டம். எப்ப தொடங்கிறது? எப்ப சாப்பிடுறது? எப்ப மரத்தைத் தொடுறது? அதெல்லாம் வயலின்தானே எங்களுக்குச் சொல்லுறது. என்ர மகள், "அம்மா, அங்கிள் வாசிச்ச வீடியோ ஃபோனில இருக்கு, போடட்டோ?" எண்டு கேட்டவள். "நோ" எண்டா தெரேஸ் அக்கா. ரோல்ஸ் ஆறிப்போச்சு.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பெட்டியைத் தூக்கி அக்காட கையில குடுத்திட்டுக் கதிரையில இருந்தன். பலகையில காலை அடிச்சன். அக்காவுக்குப் பிடிச்ச பாட்டு. மெட்டு இல்லை, அண்ணை, வெறும் கால். ஒரு விசரி மரத்தடியில இருந்து பலகையை உதைக்கிற மாதிரித்தான் இருந்திருக்கும். ஒருத்தரும் சிரிக்கேல்லை. ஆராவது மெட்டைப் பிடிப்பினம் எண்டு பார்த்தன், ஒருத்தரும் பிடிக்கேல்லை. அக்காட வாய் மட்டும் அசைஞ்சுது, சத்தம் வரேல்லை.

பேந்துதான் பெரிய கரைச்சல். எனக்கு அதை முடிக்கத் தெரியேல்லை. நீங்கள் ஒரு பாட்டை எதில முடிச்சு மற்றதை எதில தொடங்கினீங்கள் எண்டு கீழ இருந்த எனக்கு ஒருநாளும் விளங்கினதில்லை. நிப்பாட்டவும் பயமாக் கிடந்தது. அடிச்சுக்கொண்டே இருந்தன். முழங்கால் ரெண்டும் நொந்து, கண்ணால தண்ணி ஓடுது, கால் மட்டும் நிக்குதில்லை. கடைசியில தெரேஸ் அக்கா வந்து என்ர முழங்காலில கையை வைச்சு அமத்தினா.

"போதும் வசந்தி. அவருக்குக் கேட்டிருக்கும்" எண்டா.

மரத்துக்கு எண்டு அக்கா சொல்லேல்லை. நான் ஆருக்கு அடிச்சனான் எண்டு அவவுக்குத் தெரிஞ்சிட்டுது.

அக்கா சொன்னது உண்மையோ, அண்ணை? கேட்டதோ?

இனி இந்த ஒழுங்கையில மரமோ மனிசரோ, ஆர் போனாலும் சும்மா போக விடமாட்டன். என்னால ஏலுமானது காலை அடிக்கிறது மட்டும்தான். அதை அடிப்பன். மெட்டுக்கு நான் எங்க போறது?

கீழ்வீட்டில இருக்கிற உங்கட தங்கச்சி,
வசந்தி