குளத்தில் மணி என்ன

செப்டம்பர் 28
மழை. மல்பெரிப் பட்டைக் காகிதத்தை ஒட்டுவதற்குக் கோதுமைப் பசை காய்ச்சினேன். பதம் எப்படி இருக்க வேண்டும்? அசைத்தால் அசைய வேண்டும்; கவிழ்த்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஹிசானோ மூடியைத் திறந்து பார்த்து, "ராத்திரிக்கு மிசோ சூப் இதுதானா?" என்றாள். என் மனைவிக்குப் பசை எது, சூப் எது என்று நன்றாகத் தெரியும்.

நவம்பரில் ஊர் மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி. நானும் தங்கை கினுயேவும் சேர்ந்து ஒரு மடிப்புப் புத்தகம் வைக்கிறோம். படம் நான், எழுத்து அவள். என் கையெழுத்து கரும்பலகையில் கெட்டுப்போனது. 'நாளை விடுமுறை' என்று எழுத மட்டும் உதவும்.

அக்டோபர் 4
கினுயே முதல் பாதியை எழுதி முடித்தாள். அது எங்கள் ஊர்க் கிண்ணக் குளத்தின் கதை. விருந்துக்குக் கிண்ணம் குறைந்தால் கரையில் நின்று எத்தனை வேண்டும் என்று சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் அங்கே இருக்கும். எவனோ ஒருவன் ஒரு கிண்ணத்தைத் திருப்பி வைக்கவில்லை. அன்றோடு குளம் இரவல் தருவதை நிறுத்திவிட்டது.

இரண்டாம் பாதி எங்கள் கதை. அம்மாவின் நினைவுநாள் விருந்துக்கு வீட்டில் கிண்ணம் போதவில்லை. எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஏழு. என்னைக் குளத்துக்கு இழுத்துப் போய், "பத்துக் கிண்ணம் வேணும்!" என்று கத்தினாள். வரவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கினோம்.

அக்டோபர் 5
குளத்துப் பக்கத்தைத் தீட்டினேன். மற்றதெல்லாம் மசி. இதற்கு மட்டும் பெர்சிமன் காயை நசுக்கிப் புளிக்க வைத்த சாறு. மீன்வலைக்குப் பூசுவது தண்ணீருக்கும் பொருந்தும் என்று தோன்றியது. ஒரே பூச்சு, வெளிர் மஞ்சள். நண்பகல் வெயில் அப்படியே வந்திருக்கிறது. நாற்றமும் வந்திருக்கிறது.

அக்டோபர் 8
கினுயே வந்து படத்தைப் பார்த்தாள்.

"இது என்ன நேரம்?"

"மத்தியானம்."

"அந்தி, அண்ணா."

"மத்தியானம்தான். வெயில் மண்டையப் பொளந்துச்சு, எனக்கு ஞாபகம் இருக்கு."

"நான் கத்தினதும் 'ம்'னு பதில் வந்துச்சே. மத்தியானத்துல எது பதில் சொல்லும்?"

அது நியாயமான கேள்வி. ஆள் முகம் தெரியாத அந்தியில்தான் மனிதர் அல்லாதவை வாய் திறக்கும். நண்பகல் என்றால் அங்கே ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

"தவளையா இருக்கும்" என்றேன்.

"அம்மா குரல் உனக்குத் தவளையா?"

யார் குரல் என்று இத்தனை வருடத்தில் அவள் சொன்னதே இல்லை. அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "ஆதாரம் வேணும்" என்றேன். என் காதுக்கே வாத்தியார் குரலாகத்தான் கேட்டது.

"நான் ஒண்ணும் உன் மூணாம் கிளாஸ் இல்ல."

மசி உரைக்கும் கல்லைக் கழுவி, துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சும்மா கோபம் என்றால் கழுவாமல் விட்டுப் போவாள்.

அக்டோபர் 9
போன் வரவில்லை.

அக்டோபர் 14
நாற்றம் தாங்கவில்லை என்கிறாள் ஹிசானோ. புத்தகத்தை விரித்துத் தாழ்வாரக் கம்பில் தொங்கவிட்டேன். நல்ல வெயில்.

அக்டோபர் 22
மீதியை நானே எழுதிவிடலாமா? கழிவுக் காகிதத்தில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். ஹிசானோ எட்டிப் பார்த்து, "எந்த நாள் லீவு?" என்றாள்.

நவம்பர் 2
கினுயேவுக்கு நானே போன் செய்தேன்.

"மத்தியானம்னே எழுதிக்கோ. அட்டைல என் பேரு மட்டும் வேணாம்."

"பேரு இல்லாம எப்படிம்மா? நம்ம ரெண்டு பேர்தானே இருந்தோம்."

"அப்ப நான் இருந்தேங்கறது வரைக்கும் ஒத்துக்கற."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 9
காய வைப்பதற்குப் பெர்சிமன் பழங்களைத் தோல் சீவி அதே கம்பில் கட்டிக்கொண்டிருந்த ஹிசானோ கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க. உங்க குளத்துல வெயில் தாழுது."

போய்ப் பார்த்தேன். மணி மூன்று, மூன்றரை இருக்கும் — குளத்தில்.

அந்தச் சாறு பூசும்போது வெளுத்திருக்கும். வெயில் பட்டால் நாளாக ஆகக் கறுக்கும். வலை காயப்போடுகிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வகுப்பில் உதாரணமாகவே சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 15
நல்ல அந்தி. கரை எது, தண்ணீர் எது என்று சிரமப்பட்டுத்தான் தெரிகிறது. ஒரு தாள் மிச்சம் இருக்கிறது. மசியில் புதிதாக நண்பகல் தீட்டிப் பழைய பக்கத்தின் மேல் ஒட்டிவிடலாம். தாளை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

நவம்பர் 16
புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பேருந்தில் கினுயே வீட்டுக்குப் போனேன். அவள் முன்னால் விரித்தேன். குளத்துப் பக்கத்தின் மேல் குனிந்தாள்.

"எப்ப மாத்தின?"

"நான் தொடல. வெயில்ல போட்டேன், அது கறுத்துப்போச்சு."

"அது கறுக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். மறந்துட்டேன்."

"உனக்கும் மறதி உண்டு. சரி."

"சாறு விஷயத்துலதான் மறந்தேன். மத்தியானத்த மறக்கல."

"வாய மூடிட்டு உக்காரு."

மசி உரைக்கும் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருந்தேன். காலியாக இருந்த மடிப்பில் என்ன எழுதினாள் என்று காட்டவில்லை.

நவம்பர் 23
கண்காட்சி. மேசைமேல் புத்தகத்தை நெளிநெளியாக நிற்க வைத்தோம். அட்டையில் இரண்டு பெயர். குளத்துக்கு அடுத்த மடிப்பை அப்போதுதான் படித்தேன்:

மத்தியானம் என்கிறான் அண்ணன். கூடவே நின்றான். கத்தினேன். பதில் வந்தது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் மொரிதா என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். அப்போதும் சந்தேகம் கேட்பாள்.

"சார், படத்துல இருட்டா இருக்கு, எழுத்துல மத்தியானம்னு இருக்கே. எது சரி?"

கினுயே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுக்கும் மார்க் உண்டு" என்றேன்.

"எங்களுக்கு ஒருநாள்கூட அப்படிப் போட்டதில்லையே சார்!"

டிசம்பர் 7
புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். குளத்துப் பக்கம் இன்னும் கறுக்கிறது. மாலையில் கினுயே போன் செய்தாள்.

"குளத்துல இப்ப மணி என்ன?"

போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆறரை இருக்கும்" என்றேன்.

"அப்ப வீட்டுக்குக் கிளம்பியிருப்போம்" என்றாள்.

"ம்" என்றேன்.