களப்பில் மிதந்த நாலு எழுத்து

மச்சான்,

இன்று காலை உன் வலையை வெயிலில் விரித்தேன். பாசியும் நண்டுக்காலும் கலந்த அந்த வாசம் எழும்பி, கரைத்தீவு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, களப்பின் உப்புநீரைத் தாண்டிக் கற்பிட்டி வரை போய் இரண்டு பேரைத் தும்ம வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. தலைக்கயிறு ஓரிடத்தில் இற்றுப்போயிருந்தது. ஒரு மிதப்பு கழன்று காலடியில் உருண்டது. அதில் சிவப்புப் பெயின்டில், உன் கையால் எழுதிய ஆங்கில ஈ.

உன் மகள் கனடாவுக்குப் போனபிறகு அங்கே பிறந்த பேத்திக்குத் தமிழ் வரவில்லை. போனில் அவள் முகம் தெரிந்ததும் "ஹலோ" என்பாய். அதோடு உன் இங்கிலீசு தீர்ந்துவிடும். பிறகு இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள் போனை வைத்த கையோடு என்னிடம் வந்தாய்.

"மச்சான், நான் இங்கிலீசு எழுதப் பழகோணும்."

"முதல்ல கதைக்கப் பழகு."

"கதைச்சா, பிழை விட்டதும் சிரிக்கிறது காதில விழும். எழுதினா அவங்க அங்கயே சிரிச்சு முடிச்சிருவாங்க."

நீ தேடிவந்ததும் யாரை? என்னை! கற்பிட்டி முதல் சிலாபம் வரை என்னை மிஞ்சிய ஆங்கிலப் பண்டிதன் இல்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். படகு எஞ்சினில் இருந்த மூன்று சொற்களை வாசிப்பேன்; அதுதான் என் பட்டம். நம் இருவர் படிப்பும் தொண்ணூறில், ஊரை விட்டு விரட்டப்பட்ட நாளில், மன்னார்க் கரையோடு நின்றது. அதற்கு முன்னும், இங்கிலீசுப் பாடம் தொடங்கினால் நாம் கடலில் நிற்போம். ஆனாலும் பண்டிதன் பின்வாங்கலாமா? புத்தளம் டவுனில் மூன்றாம் வகுப்புப் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன்.

அதிலிருந்த சட்டங்கள்! கியூ என்ற எழுத்து, பக்கத்தில் யூ இல்லாமல் வாசல் தாண்டாதாம். "என்ட பெரிய மச்சான் மாதிரி. பொஞ்சாதி இல்லாம கலியாண வீட்டுக்குப் போகமாட்டார்" என்றாய். ஐயும் ஈயும் சேர்ந்து வந்தால் ஐ முன்னால். சீ என்ற எழுத்துக்குப் பிறகு வந்தால் மட்டும் ஈ முன்னால். "சீயைக் கண்டதும் ஏன் இடம் மாறுறாங்க? பழைய சண்டை ஏதும் இரிக்குமா?" சொல்லின் கடைசியில் நிற்கும் ஈ வாய் திறக்காது, ஆனால் உள்ளே இருக்கும் எழுத்தை அதன் சொந்தப் பெயரையே சொல்ல வைத்துவிடும். இது உனக்கு மிகவும் பிடித்தது.

தாளில் எழுதியது உன் மனதில் நிற்கவில்லை. கை ஈரமாக இருந்தால்தான் மூளை ஓடும் என்றாய். மிதப்புக்கு ஓர் எழுத்தாகப் பெயின்ட் அடித்து வலையில் கோத்தாய். வலை இழுக்கும்போது எழுத்து ஒவ்வொன்றாகப் படகேறும்; நீ அதன் பெயரைக் கத்துவாய்; நான் முன்பக்க அணியத்தில் அரசன்போல் அமர்ந்து "சரி, சரி" என்பேன். முதல் சொல், 'வா' என்பதற்கான நாலு எழுத்து: சீ, ஓ, எம், ஈ. பேத்திக்குச் சொல்ல உன்னிடம் இருந்ததே அந்த ஒன்றுதான்.

கோக்கும்போதே உனக்குச் சந்தேகம் வந்தது. "இந்தச் சொல்லில ஈ ஒருத்தரையும் பேர் சொல்ல வைக்கேல்லையே. சும்மாவா இரிக்கான்?"

பதில் தெரியாத பண்டிதன் சொன்னேன்: "இரிக்கட்டும். வேலை செய்யாட்டியும் ஆள் படகில இரிக்கோணும்."

எட்டாம் நாள் அந்தச் சொல்லைத் தாளில் எழுதி உன் வீட்டுக்காரியான மதினியிடம் நீட்டினாய். மதினி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இதென்ன, குர்ஆன் ஓதுற மாதிரி வலப்பக்கமிருந்தா வாசிக்கிறது?"

கடைசியாக விட்ட நுனியிலிருந்து வலையை இழுப்பதுதான் நம் வழக்கம். கோத்தபோது இரண்டு பேருக்கும் அது நினைவில்லை. வாரம் முழுக்கச் சொல் பின்பக்கமாகவே, ஈ முதலும் சீ கடைசியுமாய், படகேறியிருக்கிறது; தாளிலும் நீ அப்படியே எழுதியிருக்கிறாய். மதினி சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுத் தென்னைகளில் ஒரு குரும்பை மிஞ்சவில்லை. நீ என்னைப் பார்த்தாய்.

"பண்டிதரே, சரி சரி எண்டது எதுக்கு?"

வலையைத் திருப்பி ஏற்றினோம். ஒரு மாதத்தில் கடிதம் முடிந்தது, மூன்று வரி: நான் உன் உம்மாவின் வாப்பா. என்னிடம் படகு இருக்கிறது. வா. போனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். "இல்ல, பிள்ளை கையால தொடோணும்" என்று தபாலில் போட்டாய். பிறகு தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் வாசலைத் தாண்டி ஒழுங்கைக்கு ஓடினாய். பிள்ளைக்கு விளங்கியிருக்குமா என்று களப்பு மீன்களிடம்கூடக் கேட்டாய்.

பதில் வந்தது. ஒரு படகுப் படம், அதில் தொப்பி போட்ட ஒருவர். கீழே உம்மாவிடம் கேட்டுக் கோணல்மாணலாக எழுதிய தமிழ்: வாறேன். அதை அலுமாரியில் வைத்துப் பூட்டி, நாளுக்கு நூறு தரம் திறந்து பார்த்ததில் கதவு கழன்று விழுந்தது.

அவள் வருமுன் நீ மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டாய். அதை மட்டும் பெருப்பித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறாள், மச்சான். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் படகில் கூட்டிப்போவேன். எந்த நுனி முதலில் என்று மூன்று தரம் பார்த்தாயிற்று. மதினியும் வந்து பார்த்துவிட்டா. எழுத்துகள் ஏறும்போது அவள் கத்தட்டும். "சரி" சொல்லும் உத்தியோகத்தையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

ஈயைக் கடைசியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறேன். அது ஒன்றும் பேசாது. படகில் இருக்கும்.